எப்சிபாவின் முறை

"எம்மா, நாளைக்கு நாம கெழக்குக் கரைக்கு..." என்று சொல்லிக்கொண்டிருந்த எப்சிபா வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் கடலும் நின்றது. பறந்துகொண்டிருந்த கடற்காகம் ஒன்று டிவியின் மூலையில் ஆணி அடித்ததுபோலத் தொங்கியது.

ஜெபமலர் கையிலிருந்த கண்ட்ரோலரைப் போட்டுவிட்டு டிவிக்கு முன்னால் மண்டியிட்டாள். "எப்சி! ஏட்டி எப்சி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். மகள் கிடந்த கட்டில் அவள் முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

டிவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டி அடுப்புப்போலக் கொதித்தது. கெஸ்ட்ரா என்று அதற்குப் பெயர். வீடியோ கேம் ஆடும் கன்சோல். மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழைய காலண்டர் அட்டையால் விசிறி விசிறி, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே காத்திருந்து மறுபடி போட்டாள். கடல் அசைந்தது. மணலில் எப்சிபா நின்றிருந்தாள்.

"எம்மா, எங்க போன? பேசிட்டு இருக்கும்போதே காணாமப் போயிட்ட!"

ஜெபமலருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அன்றைக்கு அதோடு முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டி மறுபடியும் நின்றது. அடுத்த நாள் இன்னும் சீக்கிரமாக நின்றது. பெட்டி சாகப்போகிறது என்பது அந்த வாரத்தில் அவளுக்குத் தெளிவாகிவிட்டது. பெட்டி போனால் மகளும் போய்விடுவாள்.

எப்சிபா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது தூத்துக்குடி பைபாஸில் ஒரு லாரி அவள் ஸ்கூட்டரை இடித்தது. உயிர் தங்கியது. மூளையிலிருந்து உடம்புக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. கை கால் மட்டுமில்லை, முகமும் அசையாது. கண் இமைகூட அவள் சொல்படி கேட்காது. காது கேட்கிறது, நினைவு இருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், மூளையின் படத்தில் தெரிகிறது என்றார்கள்.

கெஸ்ட்ராவை எப்சிபா விபத்துக்கு முன்பே வாங்கியிருந்தாள். பகுதிநேர வேலை பார்த்து வாங்கியது. நெற்றியில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை அதோடு வரும். கை வலித்தால், நினைத்தே ஆட்டத்தை ஆடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அது சரியாக வேலை செய்யாது என்று எப்சிபாவே சிரித்துவிட்டு மூலையில் போட்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு ஒருநாள், வேறு வழி தெரியாமல், ஜெபமலர் அதை எடுத்து மகளின் நெற்றியில் கட்டினாள். 'பவளக்கரை' என்ற ஆட்டத்தில், எப்சிபா கட்டி வைத்திருந்த தீவு வீட்டின் வாசலில் அவளுடைய உருவம் அசையாமல் நின்றது. ஜெபமலர் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பெண் குனிந்து ஒரு குச்சியை எடுத்தாள். மணலில் 'அ' என்று எழுதினாள். வெகுநேரம் கழித்து 'ம்'. பிறகு 'மா'.

அன்று ஜெபமலர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள்.

சில வாரங்களில் எழுத்து வேகமானது. பிறகு பேச்சே வந்தது. அதுவும் எப்சிபாவின் சொந்தக் குரலில். விபத்துக்கு முன்பு தோழிகளோடு ஆடும்போது மணிக்கணக்காக வளவளத்திருந்த குரல் பெட்டிக்குள் பதிந்திருந்தது. பழகப் பழக வேகம் கூடுவது இயல்புதான் என்று எல்லாரும் சொன்னார்கள். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்க்கும் அவள் அப்பா ஆசீர், ஷிப்டு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து இரண்டாவது கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு தீவில் இறங்கிவிடுவார். அப்பாவும் மகளும் படகு விடுவார்கள், மீன் பிடிப்பார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

கெஸ்ட்ராவைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. சர்வீஸ் எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுப்பதில்லை. அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று பழையதாகக் கிடைத்தாலும் பயன் இல்லை, பட்டை பழகிய பெட்டியோடுதான் பேசும் என்று திருநெல்வேலியில் ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டார். அவர்தான் மெஹருன்னிசாவின் பெயரைச் சொன்னார். காயல்பட்டினத்துப் பெண், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், பழைய கன்சோல்களைத் திறந்து பார்ப்பதில் பைத்தியம். கெஸ்ட்ராவுக்கு எமுலேட்டர் எழுதிய கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

ஜெபமலர் பெட்டியைத் துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். நெற்றிப்பட்டையையும் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மெஹருன்னிசாவின் வேலை அறை ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. முப்பது வயது இருக்கும் அவளுக்கு. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, பெட்டியின் அடிமூடியைத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"சிப் வெந்து போயிருக்குக்கா. இன்னும் கொஞ்சநாள் தாங்கினா அதிகம்."

"மாத்த முடியாதா?"

"புது சிப் போடலாம். ஆனா உள்ள இருக்கிறது போயிரும்." அவள் நாற்காலியை இழுத்து ஜெபமலருக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஃபர்ம்வேர்னு ஒண்ணு பதிச்சு வச்சிருப்பாங்க. பெட்டி எப்படி நடக்கணும்னு சொல்ற மென்பொருள். மத்த கன்சோல்ல அது எல்லாத்துக்கும் ஒண்ணுதான். கெஸ்ட்ராவுல மட்டும், பட்டை யாரு நெத்தியில இருக்கோ அவங்க மூளை எப்படிப் பேசுதுன்னு படிச்சு, அதையும் ஃபர்ம்வேருக்குள்ளயே எழுதிக்கும். உங்க மக சங்கதி பூரா அங்கதான் இருக்கு."

"அதை வெளிய எடுத்துர முடியுமா?"

"எடுத்து என் எமுலேட்டர்ல போட்டா, பெட்டியே தேவையில்ல. எமுலேட்டர்ங்கிறது ஒரு லேப்டாப்பைக் கெஸ்ட்ரா மாதிரி நடிக்க வைக்கிற மென்பொருள். ஆனா பூட்டு இருக்குக்கா. கம்பெனிதான் மூடிடிச்சு, பூட்டு அப்படியேதான் இருக்கு. கம்பெனியோட உரிமையை வாங்கின வேற ஒருத்தன் எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டு, எங்க சைட்டையே இறக்க வச்சுட்டான்."

"எனக்குச் சட்டம் வேண்டாம் தாயி. என் பிள்ள வேணும்."

மெஹர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பூட்டை உடைக்க ஒரு வழி இருக்கு. பெட்டியைப் போட்டதும் முதல்ல ஒரு சின்ன புரோகிராம் எழுந்து, எல்லாம் சரியா இருக்கான்னு சோதிக்கும். அது சோதிக்கிற அந்தக் கணத்துல கரண்டைக் குறைச்சுக் கூட்டினா அதுக்குத் தலை சுத்திரும். பாக்காமலே கதவைத் தொறந்து விட்டுரும். ஆனா கணம் தப்பிப்போச்சுன்னா சிப்புக்குத்தான் அடி. ஏற்கெனவே வெந்த சிப். இதுல பெட்டி செத்துட்டா என்னைச் சபிக்கக்கூடாது."

"செய்" என்றாள் ஜெபமலர். பிறகு மெஹரின் கையைப் பிடித்துக்கொண்டு, "செய்யும்மா" என்றாள்.

முயற்சி ஒவ்வொன்றாகத் தோற்றது. பெட்டி எழும், நடுங்கும், அணையும். மெஹர் ஒரு குமிழைத் தலைமயிர் அளவு திருப்பிவிட்டு மறுபடி போடுவாள். சாப்பிடவில்லை. தொழுகைக்கு மட்டும் எழுந்து போய் வந்தாள். ஜெபமலர் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் பெட்டியின் விசிறி சுழலும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் போகப்போகத் தேய்ந்தது. ஒருதடவை எழவேயில்லை. மெஹர் பெட்டியை ஐஸ் பையின் மேல் வைத்து, ஈரம் துடைத்து, மீண்டும் போட்டபோது விசிறி இருமிக்கொண்டே சுழன்றது.

"இதுதாங்கா கடைசி. இதுக்கு மேல தாங்காது."

ஜெபமலர் கண்ணை மூடிக்கொண்டாள். குமிழ் திரும்பியது. சத்தம் எதுவும் இல்லை. பிறகு மெஹர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னாள். லேப்டாப் திரையில் எண்கள் மழைபோல இறங்கிக்கொண்டிருந்தன. அவை இறங்கி முடிந்த கையோடு பெட்டிக்குள் ஏதோ டப்பென்று வெடித்து, கருகிய வாடை வந்தது. கெஸ்ட்ரா செத்துவிட்டது.

"வந்திருச்சுக்கா. முழுசா வந்திருச்சு." மெஹர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எமுலேட்டரைத் திறந்தாள். "சும்மா ஓடுதான்னு மட்டும் பாப்போம். உங்க மக இல்லாம ஒண்ணும் நடக்காது. பொம்மை சும்மா நிக்கும்."

திரையில் கடல் வந்தது. தீவு வந்தது. வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு எப்சிபா வெளியே வந்து கையாட்டினாள்.

"எம்மா! இவ்ளோ நேரம் எங்க போன? நான் தேடிட்டே இருந்தேன் தெரியுமா?"

ஜெபமலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகிழ்ச்சியில் மெஹரைக் கட்டிப்பிடித்தாள். "பாத்தியா தாயி, என் பிள்ள! வந்துட்டா பாத்தியா!" மெஹரின் உடம்பு கட்டைபோல விறைத்திருந்தது. அவள் ஜெபமலரின் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் வாயில் நெற்றிப்பட்டை நீட்டிக்கொண்டிருந்தது.

ஜெபமலரும் அதைப் பார்த்தாள்.

"எம்மா, ஏன் பேசமாட்டேங்கிற? அப்பா சாப்பிட்டாச்சா?" என்று திரையில் எப்சிபா கேட்டாள்.

மெஹர் அவசரமாக லேப்டாப்பை மூடினாள்.

"இது என்ன?" என்று ஜெபமலர் கேட்டாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"அசிஸ்ட்னு ஒண்ணு இருக்குக்கா, அந்தப் பெட்டியில. ஆடுறவங்க சிக்னல் தாமதமாச்சுன்னா ஆட்டம் திக்கித் திக்கிப் போகும்லா? அது தெரியாம இருக்க, ஆடுறவங்க அடுத்து என்ன செய்வாங்க, என்ன பேசுவாங்கன்னு பெட்டியே ஊகிச்சுச் செஞ்சிரும். அவங்க முன்னாடி ஆடினது, பேசினது எல்லாத்தையும் வச்சுப் படிச்சிருக்கும்." மெஹர் பைக்குள்ளிருந்த பட்டையைக் காட்டினாள். "ஒரு நொடி தாமதமானாலே அது உள்ள வந்துரும். உங்க மகளுக்கு ஒரு எழுத்து நினைக்க எத்தனை நேரமாகும்?"

ஜெபமலருக்கு ஆரம்பத்தில் மணலில் வந்த 'அ' ஞாபகம் வந்தது. அதற்கும் 'ம்'முக்கும் நடுவில் அவள் தேநீர் போட்டுக் குடித்து முடித்திருந்தாள்.

"அப்போ எழுதினது?"

"அது அவங்கதான். அப்ப அசிஸ்ட்டுக்கு அவங்களைத் தெரியாது. படிச்சுக்கிட்டு இருந்திருக்கும். படிச்சு முடிச்சதும்..." மெஹர் நிறுத்தினாள். "அதுக்கப்புறம் அவங்களுக்கு முறை வந்திருக்காதுக்கா. அவங்க வாயைத் தொறக்கிறதுக்குள்ள அது பேசி முடிச்சிருக்கும். ஒவ்வொரு தடவையும்."

பஸ்ஸில் வரும்போது ஜெபமலர் சென்ற வருடத்தை நினைத்தாள். மதுரையிலிருந்து வந்த நரம்பு டாக்டர் ஒருவர், மண்டைக்குள் ஒரு கருவி வைக்கும் புதிய அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். உயிருக்கு ஆபத்து உண்டு, ஆனால் பலன் கிடைக்கலாம், நோயாளியின் சம்மதம் வேண்டும் என்றார். டிவிக்கு முன்னால் அவரை உட்கார வைத்துக் கேட்டார்கள். "வேண்டாம் டாக்டர். நான் இப்படியே சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்று எப்சிபா சிரித்தாள். அவளுடைய பக்குவத்தைப் பார்த்து டாக்டரின் கண்ணே கலங்கியது. அந்த 'வேண்டாம்' யார் சொன்னது? கட்டிலில் கிடந்தவள் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாளே. ஜெபமலர் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண் "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டது அவள் காதில் விழவில்லை.

ஆசீரிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு" என்று மெஹரைத் திட்டினார். பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மெஹர் வீட்டுக்கு வந்து லேப்டாப்பை டிவியோடு இணைத்தாள். பெட்டியில் அசிஸ்ட்டை நிறுத்த வழி கிடையாது, ஆனால் எமுலேட்டரில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக நிறுத்தலாம் என்றாள். நிறுத்தினாள். ஜெபமலர் பட்டையை மகளின் நெற்றியில் கட்டினாள். தீவு வந்தது. வாசலில் எப்சிபாவின் உருவம் நின்றது.

நின்றது. அவ்வளவுதான்.

அன்று முழுக்க அது அசையவில்லை. அடுத்த நாளும் இல்லை. தீவில் வெயில் ஏறி இறங்கியது. ஜெபமலர் கட்டிலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்சி, யாரும் குறுக்க வரமாட்டாங்கடா. இப்போ நீதான். உனக்கு எவ்ளோ நேரம் வேணுமோ எடுத்துக்கோ" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மெஹர் சிக்னல் கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். ஏதோ வருகிறது, ஆனால் அது அவள் நினைப்பா, வெறும் இரைச்சலா என்று சொல்ல முடியவில்லை என்றாள்.

அந்த வார இறுதியில் ஆசீர் உடைந்துவிட்டார்.

"போதும். அதைப் போடச் சொல்லு."

"எதை?"

"பேசுதுலா, அதை. எனக்கு அதுவே போதும்டி மலரு. உள்ள யாருமே இல்லன்னா? அவ எப்பவோ போயிருந்தாள்னா? அந்தப் பேச்சாவது இருக்கட்டும்."

"அது எப்சி இல்லங்க."

"எப்சி எப்படிப் பேசுவாளோ அப்படித்தானே பேசுது! அவ சிரிப்பு, அவ கேலி. ரெண்டு வருஷமா நான் யாருகூட மீன் பிடிச்சேன்? யாருமே இல்லாத ஆளுகூடவா?" அவர் சத்தம் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, கட்டிலில் கிடப்பவளுக்குக் காது கேட்கும் என்று நினைவு வந்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ஜெபமலர் சண்டை போடவில்லை. அவளுக்கும் ஆசை இருந்தது. அதுதான் அவளை வதைத்தது. சமையலறையில் நிற்கும்போது "எம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று அந்தக் குரல் கேட்கும் என்று அவள் காது தன்னாலே காத்திருந்தது. அவள் எழுந்து வெளியே போனாள்.

ஆசீர் மகளின் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றினார். மெஹர் காட்டித்தந்திருந்த இடத்தில் அசிஸ்ட்டைப் போட்டார். உருவம் துள்ளி எழுந்தது.

"எப்பா! வந்துட்டீங்களா! வலையை எடுங்க, மத்தி கூட்டமா வந்திருக்கு!"

அவர் கண்ட்ரோலரை எடுத்தார். படகில் ஏறினார். வலையை வீசினார். மகள் பேசிக்கொண்டே இருந்தாள். ஒருவேளை ஏதாவது மாறிப் பதில் வரும் என்று நம்பி, அவர் கேட்டார்:

"உனக்கு எதும் வேணுமா பிள்ள? எங்கயும் கஷ்டமா இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா. நான் நல்லா இருக்கேன்."

தினமும் கேட்ட அதே பதில். அதே ஏற்றம், அதே இறக்கம். அந்த வார்த்தைகளை முன்பு கேட்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு குளிரும். அன்றைக்கு அவர் கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். மின்விசிறிக் காற்று நேராக அடித்துக்கொண்டிருந்தும் எப்சிபாவின் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அவர் எழுந்து துண்டால் துடைத்தார். மறுபடியும் வேர்த்தது.

"எப்பா, ஏன் படகை நிறுத்திட்டீங்க?" என்று திரை கேட்டது.

ஆசீர் அசிஸ்ட்டை நிறுத்தினார். பட்டையை எடுத்து மகளின் நெற்றியில் கட்டினார். வெளியே போய் ஜெபமலரைக் கூப்பிட்டு வந்தார். இரண்டு பேரும் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலையில் உருவம் குனிந்தது.

ஜெபமலர்தான் முதலில் பார்த்தாள். அவள் கணவரின் முழங்கையைக் கிள்ளினாள். உருவத்தின் கை மணலுக்குப் போக வெகுநேரம் ஆனது. குச்சியை எடுத்தது. நழுவ விட்டது. திரும்ப எடுத்தது. சாதாரணப் பெண் ஒருத்தி ஒரு நொடியில் செய்வதை, மலையைப் பெயர்ப்பதுபோலச் செய்தது. மணலில் ஒரு எழுத்து விழுந்தது.

'ப.'

"பசிக்குன்னு சொல்லுதா!" என்று ஆசீர் குதித்தார். "பசிக்குதுடி அவளுக்கு! கஞ்சி போடு, ஓடு!" ஜெபமலர் ஓடினாள். வயிற்றுக் குழாய் வழியாகக் கஞ்சியை ஊற்றினார்கள். "சாப்பிட்டாச்சா பிள்ள? சரியாச்சா?" என்று ஆசீர் கேட்டுக்கொண்டே இருந்தார். திரையில் உருவம் குச்சியோடு அப்படியே நின்றது. அது முடிக்கவில்லை என்பது ஜெபமலருக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் கணவரின் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"நாமளும் அதைத்தான் செய்யுதோம். அவ சொல்லட்டும்."

அதற்குப் பிறகு இருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே தண்ணீர் லாரி வந்து போனது. பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். மதியத்துக்கு முன்னால் அடுத்த எழுத்து வந்தது.

'ல்.'

பல். ஜெபமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல்லவி என்று ஒரு தோழி இருந்தாளா? அவள் தன் மனதையே பிடித்து உட்கார வைத்தாள். சாயங்காலம் 'வ' வந்தது. இருட்டும் நேரத்தில் 'லி'.

ஜெபமலர் எழுந்து செல்போன் விளக்கைப் போட்டாள். மகளின் தாடையை மெதுவாக விரித்தாள். தினமும் ஈரத்துணியால் அவளே துடைக்கும் வாய்தான். முன்பக்கமெல்லாம் சுத்தமாக இருந்தது. கன்னத்தை விரலால் ஒதுக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைசிக் கடைவாய்ப்பல் கோணலாக முளைத்து, பக்கத்துப் பல்லைத் துளைத்து, இரண்டும் வேர்வரை கறுத்துக் கிடந்தன. சுற்றியிருந்த ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. அந்த வாடை கொஞ்ச காலமாகவே இருந்தது. மருந்து வாடை என்று அவள் நினைத்திருந்தாள். நினைத்ததோடு விடவில்லை, கேட்டும் இருந்தாள். "எங்கயாவது வலிக்காடா?" என்று ஒவ்வொரு நாளும் திரையைப் பார்த்துக் கேட்டாள். "இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்று ஒவ்வொரு நாளும் பதில் வந்தது.

ஆசீர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். எவ்வளவு நாளாக என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

பல் டாக்டர் மறுநாள் காலையிலேயே கருவிகளோடு வீட்டுக்கு வந்தார். "இதோட எப்படிப்பா இருந்தாங்க? நமக்கெல்லாம் இப்படி ஒண்ணு வந்தா ஒருநாள் தூங்கமுடியாது" என்றார். அவருக்கு விவரம் தெரியாது. மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு பல்லையும் பிடுங்கி, சீழை வடித்துவிட்டுப் போனார். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் எப்சிபாவின் நெற்றி காய்ந்தது. மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜெபமலர் அந்த நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

மெஹர் போனில் கூப்பிட்டு, அந்தப் பேச்சும் பதிந்து கிடக்கும் ஃபர்ம்வேர் நகலை என்ன செய்ய என்று கேட்டாள். "எப்சிகிட்ட கேட்டுச் சொல்லுதேன். ஆனா அவசரப்படாத தாயி. பதில் வர நாளாகும்" என்றாள் ஜெபமலர். அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வருடமாகக் கேட்காமல் விட்டதெல்லாம் வரிசையில் நின்றது.

சாயங்காலம், ஊசியின் மரப்பு விட்டிருக்கும் என்று டாக்டர் சொன்ன நேரம் தாண்டியதும், ஆசீர் முதல் கேள்வியைத் தான் கேட்பதாகச் சொன்னார். திரையைப் பார்க்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மகளின் காதருகே குனிந்தார்.

"இப்போ வலி இருக்கா பிள்ள?"

காத்திருந்தார்கள். தீவில் உருவம் குனிந்தது. குச்சி மணலைத் தொட்டது. நின்றது. மறுபடி நகர்ந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஜெபமலர் விளக்கைக்கூடப் போடவில்லை. டிவியின் வெளிச்சத்தில் ஒரு எழுத்து வளைந்து வளைந்து உருவானது.

'இ.'

இல்ல என்றாலும் இதில்தான் தொடங்கும். இருக்கு என்றாலும் இதில்தான். ஆசீர் "இல்ல..." என்று சொல்லத் திறந்த வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். ஜெபமலர் அவர் பக்கம் திரும்பவில்லை. மகளின் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, அடுத்த எழுத்து என்னவாக இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்காமல், அவள் மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.